ஸ்கேன் நார்மல், பையன் மட்டும் நார்மலாக இல்லை: தலையில் அடிபட்ட பிள்ளையைத் தேற்றுவது

ஓர் அம்மா எழுதிக் கேட்ட கேள்வி, சுருக்கமாக இது. வடசென்னை வியாசர்பாடியில் ஒரு பையன், 10 வயது, 28 கிலோ. ஃபுட்பால் ஆடும்போது இன்னொரு பையனோடு தலைக்குத் தலை மோதிக் கீழே விழுந்தான். மயக்கம் வரவில்லை, ஒரு தடவை வாந்தி எடுத்தான். சி.டி. எடுத்துப் பார்த்து, ‘ஒண்ணும் இல்ல, கூட்டிட்டுப் போங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். எட்டு நாள் ஆகிவிட்டது. கிளாஸில் உட்கார்ந்தால் தலைவலி, வெயிலைப் பார்த்தால் கண் கூசுகிறது, எதற்கெடுத்தாலும் கோபம். கிளாஸ் மிஸ் ‘நடிக்கிறான்’ என்கிறார். வீட்டில் ஆயா, அதாவது பாட்டி, ‘இருட்டு ரூம்ல படுக்கப் போடு’ என்கிறார். அம்மா யார் பேச்சைக் கேட்பது?

ரெண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். மிஸ் சொல்வதும் தப்பு, ஆயா சொல்வதும் தப்பு. இதற்கு நடுவே ஒரு வழி இருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எட்டாவது நாளே ஆனாலும் சரி, இதில் ஒன்று தெரிந்தால் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள், இல்லை ஆட்டோ பிடித்து ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு ஓடுங்கள்: மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, உலுக்கினாலும் சரியாக எழாத தூக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கையோ காலோ துவண்டு போவது, ஒரு கண்ணின் பாப்பா பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருப்பது, ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவது, மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தண்ணீர் மாதிரி ஒழுகுவது, காதுக்குப் பின்னால் கன்றிப் போவது. கைக்குழந்தை என்றால் பால் குடிக்காமல் இருப்பது, எப்படித் தூக்கினாலும் ஓயாத அழுகை, உச்சிக்குழி புடைப்பது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. அதனால் மேலே போகலாம்.

இதை டாக்டர்கள் கன்கஷன் என்பார்கள். நம் ஊர் டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் ‘மைல்ட் ஹெட் இஞ்சுரி’ என்று இருக்கும். சி.டி. எடுப்பது உள்ளே ரத்தக்கசிவு இருக்கிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்க. கன்கஷனில் இரண்டும் இருக்காது. அது மூளை செல்களின் வேலையில் வந்த கோளாறு, படத்தில் விழாது. அடியின் குலுக்கலில் செல்லுக்கு உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே வருகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே போகிறது. அதைத் திருப்பி இறைக்க மூளைக்கு நிறைய சக்தி வேண்டும். அதே நேரத்தில்தான் ரத்த ஓட்டமும் குறைவாக இருக்கும். கரண்ட் போய் இன்வர்ட்டரில் வீடு ஓடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபேன், லைட் வரைக்கும் தாங்கும். கிரைண்டரைப் போட்டால் ட்ரிப் ஆகிவிடும். காலையில் சிரித்துக்கொண்டு கிளம்பும் பையன் மூன்றாவது பீரியடில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்கு இதுதான் காரணம். அவன் நடிக்கவில்லை, அவனிடம் இருந்த சார்ஜ் அவ்வளவுதான். மயக்கம் வரவில்லை என்பதை வைத்து அடி லேசு என்றும் சொல்ல முடியாது. கன்கஷன் ஆன பிள்ளைகளில் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை.

‘வெளிய போண்டா மாதிரி வீங்கிடுச்சு, அதனால உள்ள ஒண்ணும் இருக்காது’ என்று தெருவில் நாலு பேர் சொல்லியிருப்பார்கள். வீக்கம் மண்டைத் தோலுக்கு அடியில் தேங்கிய ரத்தம். உள்ளே அடி இருக்கிறதா இல்லையா என்று அது சொல்லாது. எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது, உருவிவிடுவது எதுவும் வேண்டாம், தானாக வடியும். பயந்துவிட்டான் என்று பள்ளிவாசலில் ஓதி ஊதிக்கொண்டு வருவதிலும், வேப்பிலை அடிப்பதிலும் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நேரத்தை அது தின்னாமல் இருந்தால் போதும்.

இனி இருட்டு ரூம். அடிபட்ட முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு அவசியம். அப்போதும் கூட வீட்டுக்குள் நடப்பது, சாப்பிடுவது, பேசுவது எல்லாம் செய்யலாம். அதற்கு மேல் படுக்கப் போடுவது குணமாவதைத் தள்ளிப்போடுகிறது. 2015-ல் அமெரிக்காவில் 11 முதல் 22 வயது வரையானவர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு 5 நாள் முழு ஓய்வு, இன்னொன்றுக்கு வழக்கமான 1, 2 நாள் ஓய்வு. 5 நாள் படுத்தவர்கள்தான் அதிகத் தொந்தரவுகளைச் சொன்னார்கள். பகலெல்லாம் படுத்தால் ராத்திரித் தூக்கம் கெடும். ஃபிரெண்ட்ஸ் இல்லாமல் மனசு வாடும். நாள் முழுக்க ‘தலை வலிக்குதா, வலிக்குதா’ என்ற யோசனையே ஓடும். எட்டாவது நாளில் இருக்கும் உங்கள் பையனுக்கு இனி இருட்டு ரூம் தேவையில்லை.

செல்போன் விஷயம் வேறு. 2021-ல் வந்த ஓர் ஆய்வில், முதல் 48 மணி நேரம் திரை பார்க்காத 12 முதல் 25 வயதுக்காரர்கள் சராசரியாக மூன்றரை நாளில் தெளிந்தார்கள். பார்த்தவர்களுக்கு 8 நாள் ஆனது. அந்த 48 மணி நேரம் உங்களுக்குத் தாண்டிவிட்டது. இப்போது அடியோடு பிடுங்க வேண்டாம். 15 நிமிடம், பிறகு இடைவெளி. வெளிச்சம் குறைத்து, கையை நீட்டிப் பிடிக்கும் தூரத்தில். டிவியில் ஒரு கார்ட்டூன் பரவாயில்லை. சட்சட்டென்று படம் மாறும் ரீல்ஸும், துப்பாக்கிச் சண்டை கேமும்தான் கிரைண்டர்.

எவ்வளவு செய்யலாம் என்பதை அளக்க ஒரு பழைய நோட்டு போதும். ‘வலி எப்படி இருக்கு’ என்று கேட்டால் பிள்ளைகள் ‘வலிக்குது’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ‘பத்து ரூபாய்க்கு எத்தனை ரூபாய் வலி?’ என்று கேளுங்கள். கரெக்டாகச் சொல்வார்கள். காலையில் எழுந்ததும், ஸ்கூல் விட்டு வந்ததும், படுக்கப் போகும்போதும், மூன்று தடவை மட்டும் கேட்டு எழுதுங்கள். அதற்கு மேல் கேட்காதீர்கள். ஒரு வேலை செய்யும்போது வலி 2 ரூபாய்க்குள் ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டால் அந்த வேலை அவனுக்குத் தாங்குகிறது, தொடரலாம். 2 ரூபாயைத் தாண்டினாலோ, ஒரு மணி நேரம் ஆகியும் இறங்காவிட்டாலோ அங்கேயே நிறுத்திவிட்டு மறுநாள் அளவைக் குறையுங்கள். துளி வலியும் இல்லாமல் இருந்தால்தான் அசைய வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. பலர் தவறுவது இந்த இடத்தில்தான். ஒரு நல்ல நாள் வந்தவுடன் முழு ஸ்கூல், டியூஷன், சாயங்காலம் கிரவுண்டு என்று எல்லாவற்றையும் சேர்த்து விடுகிறார்கள். மறுநாள் வலி 7 ரூபாய். பயந்துபோய் மூன்று நாள் படுக்கப் போடுகிறார்கள். இப்படி ஏற்றி இறக்கியே ஒரு மாதம் ஓடிவிடும்.

ஸ்கூல்தான் இதில் பெரிய வேலை. வீட்டில் 30 முதல் 45 நிமிடம் தொடர்ந்து படிக்கவோ எழுதவோ முடிந்தால் ஸ்கூலுக்கு அனுப்பலாம். முதல் இரண்டு மூன்று நாள் அரை நாள், மதியச் சாப்பாட்டோடு கூட்டி வந்துவிடுங்கள். நோட்டில் எண் ஏறாவிட்டால் முழு நாள், ஆனால் பி.டி. பீரியட் இல்லாமல். ஹோம்வொர்க் பாதி. விட்டுப்போன பாடத்தையெல்லாம் இவனை உட்கார்ந்து எழுத வைக்காமல், கூடப் படிக்கும் பிள்ளையின் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிவிடுங்கள். தெளியும்வரை டெஸ்ட் வேண்டாம். அதற்கப்புறமும் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

மிஸ்ஸிடம் வாயால் சொன்னால் அடுத்த பீரியட் சாருக்குத் தெரியாது. ஒரு பக்கம் எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸோடு ஹெச்.எம். கையில் கொடுங்கள். இப்படி இருந்தால் போதும்: ‘என் மகனுக்கு இந்தத் தேதியில் தலையில் அடிபட்டது. ஸ்கேனில் பாதிப்பு இல்லை. ஆனால் மூளை அதிர்ச்சியிலிருந்து தேறி வருவதால் சில வாரங்களுக்குத் தலைவலி, கவனக் குறைவு இருக்கலாம். தயவுசெய்து ஜன்னல் வெயில் படாத இடத்தில், முன் பெஞ்சில் உட்கார வைக்கவும். தலைவலி என்று சொன்னால் 10, 15 நிமிடம் டெஸ்க்கில் தலை சாய்க்க அனுமதிக்கவும். விளையாட்டுப் பீரியடில் உட்கார்ந்திருக்கட்டும். தலையில் கொட்டவோ தட்டவோ வேண்டாம். வாந்தி எடுத்தாலோ குழப்பமாகப் பேசினாலோ உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யவும்.’ கொட்டுவதைப் பற்றிய வரியை எழுதச் சங்கடமாக இருக்கும். எழுதுங்கள். புத்தகப் பையை அன்றன்றைய டைம் டேபிளுக்கு மட்டும் கட்டுங்கள். அடிபடும்போது கழுத்தும் குலுங்கியிருக்கும், தலைவலியில் ஒரு பங்கு அங்கிருந்தும் வரலாம்.

தண்ணீரும் ஸ்கூலோடு சேர்ந்த பிரச்சினைதான். பாத்ரூம் நாறுகிறது என்று காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் நிறைய. நம் ஊர் வெக்கையில் நல்ல தலையே வலிக்கும், அடிபட்ட தலையைக் கேட்க வேண்டாம். 28 கிலோவுக்கு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையக் கூடாது, வெயில் காலத்தில் இன்னும் கூட. பாட்டில் காலியாக வருகிறதா என்று பாருங்கள். காலை டிபனைத் தவிர்க்கவே கூடாது. நீராகாரமோ இரண்டு இட்லியோ, ஏதாவது வயிற்றில் இருக்க வேண்டும்.

தூக்கம் 9 முதல் 12 மணி நேரம். ‘தலையில் அடிபட்டால் தூங்க விடக் கூடாது’ என்பதை இப்போதும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் ராத்திரி டாக்டர் சொல்லியிருந்தால் இடையில் எழுப்பிப் பார்ப்பது உண்டு. அதற்கப்புறம் தூக்கம்தான் மருந்து. பகல் தூக்கத்தை மட்டும் அரை மணியோடு நிறுத்துங்கள். சாயங்காலத்துக்கு மேல் டீ, காபி, கோலா கூடாது.

சத்தம் என்றால், ஆடி மாதத்தில் தெருவுக்கு இரண்டு அம்மன் கோயில், கம்பத்துக்கு ஒரு குழாய் ஸ்பீக்கர். சாவு ஊர்வலம் வந்தால் பறையும் பட்டாசும். நிறுத்தச் சொல்ல முடியாது. அந்த இரண்டு மணி நேரத்துக்கு அடுத்த தெருவில் உள்ள அத்தை வீட்டுக்கோ, உள்ளறைக்கோ கூட்டிப் போங்கள். காதில் பஞ்சு வைக்கலாம். ஆனால் நாள் முழுக்கப் பஞ்சும், வீட்டுக்குள்ளேயே கூலிங் கிளாஸும் வேண்டாம். அப்படிப் பழக்கினால் கொஞ்சம் சத்தமும் கொஞ்சம் வெளிச்சமும் கூடத் தாங்காமல் போய்விடும்.

மாத்திரைக்கு வருவோம். தலைவலிக்குப் பாராசிட்டமால் மட்டும். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 28 கிலோவுக்கு ஒரு வேளைக்கு 400 மில்லிகிராம் சரியாக இருக்கும். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 8 மில்லி. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் 6 மணி நேர இடைவெளி, நாளைக்கு 4 தடவைக்கு மேல் கூடாது. தப்பு நடப்பது பாட்டிலில்தான். அதே பெயரில் 5 மில்லிக்கு 120, 125, 250 என்று சிரப்கள் இருக்கின்றன. கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸ் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். வீட்டில் தம்பிப் பாப்பாவுக்கு வாங்கிய டிராப்ஸை எடுத்து 8 மில்லி ஊற்றினால் 800 மில்லிகிராம் போய்விடும், இரண்டு மடங்கு. லேபிளைப் படித்து, மூடியோடு வரும் அளவுக் கப்பிலோ சிரிஞ்சிலோ ஊற்றுங்கள், டீ ஸ்பூனில் வேண்டாம். அடிபட்ட முதல் 48 மணி நேரத்தில் ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் ஆசிட் கலந்த சிரப்பைத் தவிர்ப்பது நல்லது. ரத்தம் கசியும் அபாயம் சந்தேகத்தில் இருக்கும்போது அவை வேண்டாம். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மெடிக்கல் ஷாப்பில் ‘தலவலிக்கு ஏதாவது குடுங்க’ என்று கேட்காதீர்கள், பெயர் சொல்லிக் கேளுங்கள். இந்த எட்டாவது நாளிலிருந்து, ஒரு வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் கொடுக்க வேண்டாம். தினமும் விழுங்கினால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். ‘மூளை டானிக்’ என்று 400 ரூபாய் பாட்டிலை யாராவது நீட்டினால் அந்தக் காசுக்குப் பழமும் முட்டையும் வாங்குங்கள். கன்கஷனைச் சீக்கிரம் ஆற்றும் என்று எந்த டானிக்கும் நிரூபித்ததில்லை.

படிக்க உட்கார்ந்தால் மட்டும் வலிக்கிறது என்றால் கண்ணைச் சோதித்துப் பாருங்கள். ஒரு பேனாவை அவன் மூக்குக்கு நேராக, கை நீளத்தில் பிடியுங்கள். முனையையே பார்க்கச் சொல்லி மெல்ல மூக்கை நோக்கிக் கொண்டு வாருங்கள். ‘பேனா ரெண்டா தெரியுது’ என்று சொல்லும் இடத்தில் நிறுத்தி, மூக்கிலிருந்து தூரத்தை ஸ்கேலால் அளவிடுங்கள். ஒரு கண் விலகி வெளிப்பக்கம் போனாலும் அந்த இடம்தான் கணக்கு. 6 சென்டிமீட்டருக்குள் என்றால் சரி. 10, 12-லேயே இரண்டாகத் தெரிந்தால் இரண்டு கண்ணும் சேர்ந்து உள்ளே குவிய முடியவில்லை என்று பொருள். கன்கஷனுக்குப் பின் இது அடிக்கடி வருகிறது. பவர் கண்ணாடி இதற்குப் பதில் இல்லை. கண் டாக்டரிடம் இதைச் சொல்லிக் காட்டுங்கள், எழும்பூர் அரசு கண் மருத்துவமனை பக்கம்தான். பஸ்ஸில் போனால் தலைசுற்றல், குனிந்து நிமிர்ந்தால் தடுமாற்றம் என்றால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் கழுத்தும் பார்க்கப்பட வேண்டும். அதற்குப் பிசியோதெரபியில் பயிற்சிகள் இருக்கின்றன.

கோபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அடிபட்டதன் ஒரு பகுதிதான் அது, திமிர் இல்லை. அதற்காகத் தம்பியை அடித்தாலும் விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. சண்டை பெரிதாகும் நேரம் பெரும்பாலும் ஸ்கூல் விட்டு வந்த முதல் ஒரு மணி நேரம். அப்போது கேள்வி கேட்காமல் சாப்பிடக் கொடுத்து 20 நிமிடம் சும்மா விடுங்கள், பாதி குறைந்துவிடும். அழுதுகொண்டே இருக்கிறான், ஃபிரெண்ட்ஸ் வேண்டாம் என்கிறான், இரண்டு வாரம் ஆகியும் மாறவில்லை என்றால் டாக்டரிடம் தலைவலியோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நடையை இன்றைக்கே தொடங்கலாம். 10, 15 நிமிடம், வேகமாக, பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியாது என்கிற அளவுக்கு. மூச்சு கொஞ்சம் வாங்கும்படி நடப்பதுதான் மருந்து மாதிரி வேலை செய்கிறது. லாரியும் பைக்கும் உரசிக்கொண்டு போகும் ரோட்டில் வேண்டாம். கார்ப்பரேஷன் பார்க், இல்லையென்றால் கைப்பிடிச் சுவர் உயரமாக உள்ள மொட்டை மாடி, வெயில் தாழ்ந்த பிறகு. இரண்டு நாளுக்கு ஒருமுறை 5 நிமிடம் கூட்டுங்கள். காத்தாடி சீசனில் மொட்டை மாடியில் தனியாக விடாதீர்கள். மேலே பார்த்துக்கொண்டே பின்னால் நடப்பான். கேரம் ஆடலாம், ஆனால் ஸ்ட்ரைக்கர் கோணம் பார்ப்பதும் கண்ணுக்கும் கவனத்துக்கும் வேலைதான், இரண்டு போர்டோடு நிறுத்துங்கள். சைக்கிள், மரம் ஏறுவது, பைக்கில் முன்னால் நிற்பது இப்போதைக்கு இல்லை. பைக்கில் பின்னால் உட்கார்ந்தாலும் அவன் தலை அளவுக்கு ஹெல்மெட் வேண்டும். 4 வயதுக்கு மேல் அது சட்டம்.

பெரும்பாலான பிள்ளைகள் 4 வாரத்துக்குள் தேறிவிடுகிறார்கள். நோட்டில் உள்ள எண்கள் வாரத்துக்கு வாரம் இறங்கினால் மெதுவாக இறங்கினாலும் கவலை இல்லை. அடுத்த ஒரு வாரத்திலும் அசையவே இல்லை, அல்லது 4 வாரம் முடிந்தும் தலைவலி இருக்கிறது என்றால் ஸ்டான்லி நியூரோ ஓ.பி.க்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ போங்கள். சி.டி. ஃபிலிம், டிஸ்சார்ஜ் சம்மரி, ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரியில் விபத்தைப் பதிந்த ரிஜிஸ்டரின் நகல்), இந்த நோட்டு நான்கையும் ஒரே கவரில் போட்டுக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். ஓ.பி.யில் டாக்டருக்கு உங்களுக்கென்று சில நிமிடங்கள்தான் கிடைக்கும், நோட்டு அதில் உங்களுக்காகப் பேசும்.

அவன் தினமும் கேட்கப் போவது ஒன்றுதான்: ‘எப்பம்மா கிரவுண்டுக்குப் போறது?’ வியாசர்பாடிப் பையனிடம் பந்தைப் பிடுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் சொல்கிறேன், வரிசை மாறவே கூடாது. முதலில் முழு நேர ஸ்கூல், கூடவே இப்போதே தொடங்கிய வேக நடை. பிறகு லேசான ஓட்டம். பிறகு தனியாகப் பந்தை உருட்டிக்கொண்டு ஓடுவது, பக்கத்தில் ஆள் இல்லாமல். இவை வரைக்கும் லேசான வலி இருந்தாலும் நோட்டின் 2 ரூபாய்க் கணக்கில் போகலாம். அதற்கு அப்பால், ஓடி ஆடும்போதும் வலி பூஜ்யம் என்று ஆன பிறகுதான் மற்றவர்களோடு பாஸிங் பயிற்சி, அப்போதும் மோதல் இல்லை. அதற்கடுத்து, டாக்டர் பார்த்து ‘ஆடலாம்’ என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் மோதலோடு கூடிய பயிற்சி, கடைசியாக மேட்ச். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். முதல் படிகளில் வலி 2 ரூபாய்க் கணக்கைத் தாண்டினாலோ, பாஸிங் பயிற்சி முதல் துளி வலி வந்தாலோ, ஒரு படி கீழே இறங்கி மறுநாள் தொடர வேண்டும். மூளை முழுசாக ஆறாதபோது விழும் இரண்டாவது அடி, சின்ன அடியாக இருந்தாலும், மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அரிதாக நடப்பதுதான், ஆனால் நடந்தால் மீட்பது கஷ்டம். பாக்ஸிங்குக்கும் இதே கணக்குதான். அங்கே தலையில் குத்து விழுவதே ஆட்டம் என்பதால் டாக்டர் கடிதம் இல்லாமல் கிளவுஸையே கையில் கொடுக்காதீர்கள்.

பந்தைத் தலையால் முட்டுவது இந்த வயதில் தேவையே இல்லை. 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு அமெரிக்க ஃபுட்பால் அமைப்பு 2015-லேயே அதை நிறுத்திவிட்டது. கோச் அண்ணனிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள். இன்னொரு தடவை தலையில் பட்டால், பையன் ‘ஒண்ணும் இல்லண்ணா, ஆடுறேன்’ என்றுதான் சொல்வான். அந்த நிமிடமே வெளியே உட்கார வைக்க வேண்டும், அன்றைக்குத் திரும்ப இறக்கக் கூடாது.